பெரு வரை போன கார்ன்வால்காரர்
ரிச்சர்ட் ட்ரெவிதிக் பற்றிய உங்கள் கட்டுரையை அவருடைய 1804 நீராவி ரயில் எஞ்சினோடு முடித்துவிட்டீர்களே! அதன் பிறகும் கதை இருக்கிறது. அடிப்படையில் அவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர். 1816-ல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குக் கப்பலேறினார். அங்கே அவர் எஞ்சின் தேவைப்பட்ட செரோ டி பாஸ்கோ வெள்ளிச் சுரங்கம் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றழுத்தத்தை நம்பி ஓடும் ஜேம்ஸ் வாட் வகை நீராவி எஞ்சின், காற்றழுத்தம் குறைந்த அந்த உயரத்தில் திணறும். நீராவியின் அழுத்தத்தாலேயே ஓடும் ட்ரெவிதிக்கின் உயர் அழுத்த எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாகம் பாகமாகப் பிரித்துக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். சுரங்கத்தில் தேங்கும் நீரை இறைக்க இத்தனை பாடு! பிறகு ஸ்பெயினுக்கு எதிரான பெருவின் விடுதலைப் போர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. 1827-ல் கொலம்பியாவின் கார்ட்டஹேனா துறைமுகத்தில் காசில்லாமல் நின்றவருக்கு ஊர் திரும்ப 50 பவுண்டு கொடுத்தது, அந்நாட்டில் சுரங்க வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்டீபன்சன். ஆமாம், ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகனேதான்.