சுபாரு டொயோட்டாவுடையது அல்ல. ஹெட் கேஸ்கெட்டும் எல்லா வண்டியிலும் போகாது

"சுபாரு டொயோட்டாவோட கம்பெனி, எந்த மாடல் வாங்கினாலும் ஹெட் கேஸ்கெட் போகும்" என்று சொல்வதில் இரண்டுமே தவறு. ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு.

1953-ல் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸாகத் தொடங்கிய இந்த ஜப்பானிய கார் நிறுவனம் 2017-ல் சுபாரு கார்ப்பரேஷன் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. டொயோட்டாவிடம் இருப்பது சுமார் 20% பங்குதான்.

கேஸ்கெட் புகார் பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் 2.5 லிட்டர் இஜே25 இன்ஜினுக்கு உரியது. 1990-களின் இரட்டை கேம் (ஒவ்வொரு ஹெட்டிலும் வால்வுகளைத் திறக்கும் தண்டு இரண்டு) வகையில் கசிவு உள்ளுக்குள்: எரிந்த வாயு கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) புகும், ரிசர்வ் டேங்கில் குமிழி வரும், ஓடும்போதே சூடு திடீரென ஏறும். பிறகு வந்த, டர்போ இல்லாத ஒற்றை கேம் வகையில் கசிவு வெளியே. ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தின் அடிப்பக்கம் ஆயிலோ கூலன்ட்டோ ஈரமாகத் தெரியும். மாற்றும்போது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டே போடச் சொல்லுங்கள். ஹெட்டின் தளம் சமமாக இருக்கிறதா என்று அளக்காமல் பூட்டவே விடாதீர்கள், மறுபடியும் கசியும்.

2011 ஃபாரஸ்டரில் வந்த எஃப்பி இன்ஜினின் புகாரே வேறு: தொடக்க ஆண்டுகளில் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குறைந்தது. அந்த வண்டியைப் பழையதாக வாங்கப் போனால் முதலில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.