ஆட்டம் தொடங்கும் முன் விதியைச் சொல்லுங்கள்

போன மாதம், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகக் கோட்டையூர் வீட்டைத் திறந்தோம். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. சாமி காரியமும் சாப்பாடும் முடிந்து பெரியவர்கள் படுத்த பிறகு, பட்டாலையில் பாயை விரித்து நாங்கள் ஐந்து பேர் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆடியது 1830. ரயில் கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்று, தண்டவாளம் போட்டு, ரயில் ஓட்டிப் பணம் சேர்க்கும் போர்டு கேம். பிரான்சிஸ் டிரெஷம் வடிவமைத்து 1986-இல் வந்தது. பெட்டியைப் பிரித்து ஆடினால் கணக்குப் போடுவதிலேயே பாதி ராத்திரி போய்விடும் என்பதால், எங்கள் கூட்டத்துக்கு மட்டும் நானே ஒரு மென்பொருள் எழுதி வைத்திருக்கிறேன்.

அதை எழுதும்போது என்னை ரொம்பப் படுத்தியது விதி மாற்றங்கள்தான். மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. எந்த விதியில் ஆடுகிறோம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோர் கண்ணுக்கும் காட்ட வேண்டும். அந்த விதி அந்த ஆட்டத்தோடேயே சேர்ந்து சேமிக்கப்பட வேண்டும். இதைச் செய்யாத மென்பொருள், மற்றதில் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆடுகிறவர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

இதை நான் கற்றது கம்ப்யூட்டரில் இல்லை. இதே வீட்டு வளவில், அப்பத்தா தாயம் ஆடும்போது. ஆத்தங்குடிக் கல் மேல் சாக்பீஸால் கட்டம் போடுவார்கள். ஒரு பக்கத்துக்குச் சோழி, இன்னொரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டும் முன், தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட அயித்தை ஆரம்பிப்பார்கள்: "ஆத்தா, எங்க வீட்டுல பன்னெண்டு விழுந்தாலும் காய் இறங்கும்." அப்பத்தா கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்கள்: "இங்கன தாயம் விழுந்தாத்தான் இறக்கம். ஒரு வெட்டாவது வெட்டாம பழம் கிடையாது. சம்மதமா?" எல்லோரும் சரி என்று சொன்ன பிறகுதான் கட்டை உருளும். நடு ஆட்டத்தில் யாரும் வாய் திறக்க முடியாது. தேவகோட்டைக்குப் போனால் அயித்தை வீட்டு விதி. அங்கே அப்பத்தாவும் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்போது என் தங்கை மகள் போனில் ஏதோ ஒரு ஆப்பில் தாயம் ஆடுகிறாள். அதில் ஒரே விதி. அது என்ன விதி என்று எங்கேயும் எழுதியில்லை. நான் அப்பத்தா விதியைச் சொன்னதும், "அது தப்பு அம்மான், ரூல் இதுதான்" என்று போனைக் காட்டினாள். எனக்கு நிஜமாகவே வலித்தது. பிள்ளை மேல் தவறில்லை. "இது பல விதிகளில் ஒன்று, இன்றைக்கு இதை எடுத்துக்கொள்கிறோம்" என்று அந்த ஆப் ஒரு வரி சொல்லியிருந்தால், "உங்க வீட்டுல எப்படி?" என்று அவளே கேட்டிருப்பாள்.

ரயில் ஆட்டங்களிலும் இதே கதைதான். டிக்கெட் டு ரைடு என்ற போர்டு கேமில் இரண்டு ஊருக்கு நடுவே இரட்டைத் தடம் இருக்கும். 2 அல்லது 3 பேர் ஆடினால் அதில் ஒன்றைத்தான் பிடிக்கலாம் என்பது விதி. மூன்று பேர் ஆடும்போதும் நாங்கள் வீட்டில் இரண்டையும் திறந்து வைத்தே பழகியிருக்கிறோம், நெரிசல் குறையட்டும் என்று. புத்தக விதியிலேயே பழகியவர் எங்களோடு உட்கார்ந்தால், வழியை அடைப்பதை நம்பி அவர் போட்ட திட்டமெல்லாம் வீண். அதே ஆட்டத்தின் இந்திய வரைபடம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கையிலுள்ள டிக்கெட் அட்டை சொல்லும் இரண்டு ஊர்களையும் வெவ்வேறான இரு வழிகளில் இணைத்தால் கூடுதல் புள்ளி. ஒரு வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கத் தெரிந்த நிரலுக்கு இதை ஒட்டுப் போட்டுச் சேர்க்க முடியாது. அதனால்தான் விதிகளை முதல் நாளிலிருந்தே தனித்தனிப் பாகமாக எழுத வேண்டும் என்கிறேன்.

சரி, நான் செய்த தவறையும் சொல்கிறேன். 1830 ஆட்டத்தில் ஒரு கம்பெனியின் பங்கு விலை சரிந்து, விலைப் பலகையின் பழுப்புக் கட்டத்துக்கு வந்துவிட்டால், ஒரே முறையில் அதன் பங்குகள் பலவற்றை வாங்கலாம். ஆனால் ஏற்கெனவே யாரோ விற்று மார்க்கெட்டில் கிடக்கும் பங்குகளை மட்டும்தான். இன்னும் யாரும் வாங்காமல் முதல் விற்பனைக்கு, அதாவது ஐபிஓவில், இருப்பதை அப்படி அள்ள முடியாது. நான் முதலில் இரண்டையும் அனுமதித்து எழுதிவிட்டேன். நாலு வார இறுதிகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தின் நடுவில் மச்சான் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, அன்றிரவே திருத்திவிட்டேன். என் மென்பொருள் ஆட்டத்தை நகர்வுகளின் பட்டியலாகச் சேமிக்கிறது. திறக்கும்போது முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை திறந்தால், முந்தின வாரம் அண்ணன் ஐபிஓவில் இரண்டு பங்கு வாங்கிய இடத்தில் 'இந்த நகர்வு செல்லாது' என்று நின்றுவிட்டது. நாலு வாரத்து ஆட்டம் போச்சு. அண்ணன் வாங்கிய அன்றைக்கு அது செல்லுபடியான நகர்வு. அவர் மேல் பின்தேதியிட்டு ஒரு விதியைச் சுமத்தியது நான்.

இந்த வகை ஆட்டங்களுக்கென்றே ஓப்பன் சோர்ஸாக எழுதப்பட்ட 18எக்ஸ்எக்ஸ் டாட் கேம்ஸ் தளத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு திருத்தம் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை உடைக்கும் என்றால், அந்த ஆட்டத்தைப் பழைய நிரலோடேயே கட்டிப்போட்டுவிடுகிறார்கள். பழையது பழைய விதியில் முடியும், புதியது புதிய விதியில் தொடங்கும்.

'புத்தகத்தில் இருப்பதை மட்டும் எழுது, வம்பே இல்லை' என்பார்கள் சிலர். எந்தப் புத்தகம்? 2011-இல் மேஃபேர் கம்பெனி போட்ட 1830 மறுபதிப்பு மாற்று விதிகளையும் சேர்த்தே வந்தது. அதற்காகக் கேட்டதையெல்லாம் ஆன், ஆஃப் பொத்தானாக அடுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பத்துப் பொத்தான் வைத்தால் 1,024 விதமான ஆட்டம். அத்தனையையும் யார் ஆடிப் பார்ப்பது? அதிலும் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று பேங்க் பணத்தை 12,000-லிருந்து 8,000 ஆகக் குறைத்தோம். பேங்க் காலியானால் ஆட்டம் முடிவுக்கு வரும் என்பதால், 1,100 கொடுத்து டீசல் ரயில் வாங்கினால் போட்ட காசு திரும்ப வராது என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். டீசல் வந்தால்தான் 4-ரயில்கள் என்ற பழைய வகை ரயில்கள் ஆட்டத்தை விட்டுக் கழியும். வராததால் அந்தப் பழைய ரயில்களை வைத்துக்கொண்டே அயித்தை மகன் கடைசிவரை சொகுசாக ஓட்டி ஜெயித்தார். ஒரு எண்ணைத்தான் மாற்றினோம், ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது.

அதனால் இப்போது மூன்றே கட்டு வைத்திருக்கிறேன்: புத்தக விதி, வீட்டு விதி, பொங்கல் விதி. மூன்றும் நாங்கள் முழுசாக ஆடிப் பார்த்தவை. புதிதாக ஒன்று வேண்டுமென்றால், இரண்டு முறையாவது பெட்டியை வைத்துக் கையால் ஆடிய பிறகுதான் நிரலுக்குள் வரும்.

படைப்பன்று ராத்திரி லேப்டாப்பில் முதல் திரை வந்தது. மச்சான் உரக்க வாசித்தார்: "பொங்கல் விதி. அஞ்சு பேர், ஆளுக்கு 480. பேங்க் 8,000. பழுப்புல மார்க்கெட் பங்கு மட்டும். சம்மதமா?" நாலு பேரும் சரி என்றார்கள். அப்புறம்தான் ஏலத்தைத் தொடங்கினோம்.