இரண்டாவது ஜவ்வு ஆபரேஷன் வீணா?

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கபடிக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "முழங்கால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி அறுந்தால், இரண்டாவது ஆபரேஷன் நிற்கவே நிற்காது, எண்ணெய்க் கட்டு போதும்."

தவறு. பெரும்பாலும் அமெரிக்காவில், 2006 முதல் 2011 வரை மறு அறுவை செய்துகொண்ட சுமார் 1200 பேரைப் பின்தொடர்ந்த 'மார்ஸ்' ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் அறுந்தது ஏறக்குறைய 3 சதவீதத்தினருக்குத்தான். புது ஜவ்வாக, தானமாகப் பெற்ற தசைநாரைவிடச் சொந்தத் தசைநார் வைத்தவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் குறைவு. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

அதற்காக முதல் ஆபரேஷன் மாதிரியே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஜவ்வைப் பொருத்த எலும்பில் முன்பு போட்ட துளை அகன்றிருந்தால், முதலில் அதை எலும்புத் துண்டுகளால் அடைத்து, சில மாதம் கழித்தே ஜவ்வு வைப்பார்கள். பழைய வேகத்தில் ஆடத் திரும்புவோரும் குறைவுதான். எண்ணெய்க் கட்டோ, ரெய்டில் காலைத் திருப்பும்போது மூட்டு நழுவுவதைத் தடுக்காது.

சரி, அந்தச் செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள்.