காவிரிக்கு ட்ரவுட் வேண்டாம், லீவு வேணும்

ஆபீஸ்ல பக்கத்து சீட்டுத் தம்பி போன மாசம் இமாச்சல் போயிட்டு வந்தான். தீர்த்தன் ஆத்துல முழங்கால் தண்ணியில நின்னு, நீளத் தூண்டில் ராடை முன்னும் பின்னும் வீசி, ஒரு ட்ரவுட் மீனைப் பிடிச்சு, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணியிலயே விட்டிருக்கான். அந்த வீடியோவை ஏழு தடவை பாத்தாச்சு. எட்டாவது தடவை காட்டும்போது கேட்டான்: "அக்கா, உங்க ஒகேனக்கல்ல இதைக் கொண்டு வந்து விட்டா என்ன? பாறை இருக்கு, ஓட்டம் இருக்கு. கூட்டம் பிச்சுக்கும்."

ஓசூர் கேன்டீன்ல பத்து நிமிஷத்துல பதில் சொல்ற விஷயமா இது? அதான் இங்க எழுதறேன். நீளமாத்தான் போகும்.

நான் ஒகேனக்கல் பக்கத்து ஊட்டமலைக்காரி. அப்பா முப்பது வருஷம் பரிசல் ஓட்டினவரு. சவாரி இல்லாத நாள்ல தூண்டிலும் வலையும்.

மொதல்ல, ட்ரவுட் இங்க பிழைக்காது. அது குளிர்ந்த தண்ணி மீன். தண்ணி 20 டிகிரியைத் தாண்டினாலே அதுக்குத் திணறல், 25-ஐத் தாண்டினா பிழைக்கிறதே கஷ்டம். தண்ணி சூடாக ஆக அதுல கரைஞ்சிருக்கிற காத்து குறையும், அதான் காரணம். சித்திரையில எங்க ஊர்ப் பாறை மேல வெறுங்கால் வச்சுப் பாத்தவங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்ல. ஊட்டியிலயே அது சுலபமா வந்துடல. 1860-கள்ல இருந்து வெள்ளைக்காரங்க முட்டையைக் கப்பல்ல ஏத்திப் பாத்தாங்க, நிக்கல. எச்.சி. வில்சன்னு ஒருத்தர் வானவில் ட்ரவுட்டைக் கொண்டு வந்து, அவலாஞ்சியில பொரிப்பகம் வச்சு நிலைக்க வச்சது 1900-க்கு அப்புறம். அந்தக் குளிர்லயே நாப்பது வருஷம் ஆகியிருக்கு. தம்பி பிடிச்ச இமாச்சல் ட்ரவுட்டும் வெள்ளைக்காரன் விட்டதுதான்.

சரி, பிழைக்கும்னே வச்சுக்குவோம். அப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன். வெளியூர் மீனை விட்டுக் காவிரி ஏற்கனவே ஒரு தடவை பட்டிருக்கு. திமில் வச்ச மஹ்சீர்னு ஒரு மீன், உலகத்துலயே காவிரியிலயும் அதோட கிளை ஆறுகள்லயும் மட்டும்தான் இருக்கு. 1946-ல வான் இங்கன்ங்கிற மைசூர்க்காரர் தூண்டில்ல பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. பத்து வயசுப் பொண்ணு ரெண்டு பேர் எடை! அந்த இனத்தைப் பெருக்குறோம்னு நல்ல மனசோட மகாராஷ்டிராவுல இருக்கிற லோனாவ்லா பண்ணையில பொரிச்ச குஞ்சைக் காவிரியில விட்டாங்க. ஆனா அந்தக் குஞ்சு வேற இனம், நீலத் துடுப்பு மஹ்சீர். அது பெருகிடுச்சு, திமில்காரன் தேஞ்சுட்டான். வெடி, மணல் கொள்ளை, அணைன்னு வேற காரணமும் உண்டு. அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பேரு என்னன்னே 2018-லதான் முடிவாச்சு. அதே வருஷம் அழியும் விளிம்புல இருக்குன்னு சிவப்புப் பட்டியல்லயும் ஏத்தினாங்க. பேர் வைக்கிற அன்னிக்கே ஐசியூ.

இவ்வளவு சொன்னாலும் அந்த வீடியோவுல எனக்குப் பொறாமை வந்த இடம் ஒண்ணு இருக்கு. ராடுலயோ மீன்லயோ இல்ல. அவங்க முள்ளுல புழு மாட்டல. அந்த வாரம் அந்த ஆத்துல எந்தப் பூச்சி ரெக்கை முளைச்சு வெளிய வருதோ, அதே சைஸ்ல, அதே நெறத்துல இறகையும் நூலையும் முள்ளுல சுத்தி ஒரு பொய்ப்பூச்சி செஞ்சு, தண்ணி மேல எறும்பு நடக்கிற மாதிரி இறக்கறாங்க. பருவத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கு மீன் கிடையாது. (அந்த இறகுக்குப் பேர்போனது சேவல் கழுத்து. நம்ம மேலகிரிக் காட்டுல கூவுற சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகுல மெழுகு சொட்டு வச்ச மாதிரி புள்ளி இருக்கும் பாருங்க, அதுக்காகவே ஒரு காலத்துல அந்தப் பறவையைத் தோலோட கப்பல் ஏத்தினாங்க. இப்ப அதுல கை வச்சா கேஸு.)

எங்கப்பாவுக்கும் இந்தப் படிப்பு இருந்துச்சு. "அத்தி பழுத்தா அத்தி, ஈசல் பறந்தா ஈசல், ஒண்ணும் இல்லன்னா களி" - இதான் அவரோட மொத்த சிலபஸ். கரையோர அத்தி மரத்துல இருந்து பழம் 'தொபுக்'னு விழற இடத்துல கெண்டை காத்துக் கிடக்கும். கோடை மழை பேஞ்ச மறுநாள் சாயங்காலம் ஈசல் தண்ணியில விழும்போது மடு முழுக்க மீன் வாய் வட்டம் வட்டமா தெரியும். ராகிக் களி உருண்டையைக் கேவலமா நினைக்காதீங்க. 1970-கள்ல இங்கிலாந்துல இருந்து வந்து காவிரியில பெரிய மஹ்சீரைத் தேடினவங்களுக்கும் அதே ராகி உருண்டைதான் கை கொடுத்துச்சு. நம்ம ஜில்லாவுல மனுசனும் மீனும் ஒரே சாப்பாடு.

ஆனா அப்பாவோட படிப்புல ஒரு பாடம் மட்டும் இல்ல: எப்ப பிடிக்கக் கூடாதுங்கிற பாடம்.

இமாச்சல்ல நவம்பர் ஆரம்பத்துல இருந்து பிப்ரவரி முடிய ட்ரவுட் ஆத்துல யாரும் தூண்டில் போடக் கூடாது. அது முட்டை போடற காலம். நம்ம கிழக்குக் கடல்லயும் ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகு போகாது. எங்க ஊர்ப் பக்கம் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே கிடையாது. ஆடியில குடகுலயும் வயநாட்டுலயும் மழை கொட்டி, புதுத் தண்ணி கலங்கலா இறங்கும்போதுதான் சினை மீன் எதிர்த்து ஏறும். ஓட்டத்துல களைச்சு ஓரத்துல ஒதுங்கும், சின்னாறு வந்து சேர்ற முகத்துல நுழையும். ஊரே அங்கதான் வலையோட நிக்கும். ஆடிப் பதினெட்டு அன்னிக்கு அம்மா சினையைத் தனியா எடுத்து, மஞ்சத்தூள் மிளகாத்தூள் போட்டு வறுத்துத் தருவாங்க. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மீனை விட அதான் பிடிக்கும். ஒரு கிண்ணத்துல எத்தனை ஆயிரம் மீனைத் தின்னேன்னு கணக்குப் போட வயசு நாப்பதாயிடுச்சு.

"அப்ப ஆடியில தடை போடு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடலாம். ஓசூர்ல ஏசியில உக்காந்து சொல்ல வாய்க்கு வலிக்காது. ஆனா எதுக்கு அப்பா ஆடியில வலையை எடுத்தாரு? தண்ணி ஏறினா மொத உத்தரவே பரிசல் ஓட்டக் கூடாதுன்னுதான். சவாரி போச்சு, எண்ணெய் மசாஜ் பண்றவங்களுக்கும் மீன் வறுக்கிற அக்காங்களுக்கும் ஆள் இல்ல. கையில காசு வத்தற அதே வாரம்தான் சினை மீன் காலடிக்கு வந்து நிக்குது. அந்த வாரம் போய் "வலையையும் மடிச்சு வை"ன்னா அவன் என்ன திம்பான்? கடல்காரங்களுக்கு தடைக்கால நிவாரணம்னு ஒண்ணு இருக்கு. இங்க வெறும் தடையை மட்டும் கொண்டு வந்தா அதை நானே எதிர்ப்பேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இமாச்சல் மாதிரி காலண்டர்ல தேதி போட்டா காவிரிக்கு ஒத்து வராது. மேல கர்நாடகாவுல கேஆர்எஸ், கபினி அணை. கீழ 1934-ல இருந்து மேட்டூர். நடுவுல மாட்டின எங்களுக்கு ஆடி எப்ப வருதுன்னு மேல ஷட்டர் தூக்கறவங்களைக் கேட்டாத்தான் தெரியும். சில வருஷம் ஆடி பதினெட்டுக்குக் குழாய்லதான் குளியல். 2018 மாதிரி வருஷத்துல வினாடிக்கு ரெண்டு லட்சம் கன அடி அளவுக்கு வந்து நடைபாதையையே முழுங்கும். அதனால எங்க ஊர்ல யாரும் பஞ்சாங்கம் பாக்கறதில்ல, "பிலிகுண்டுலுவுல எவ்வளவு?"ன்னு போனைத்தான் பாக்கறோம் (கர்நாடகாவுல இருந்து வர்ற தண்ணியை அளக்கிற இடம் அது).

என் யோசனையும் அங்கிருந்துதான் வருது. மீனுக்கு விடற லீவைத் தேதியில வைக்காதீங்க, கன அடியில வைங்க. தண்ணி ஏறிப் பரிசலை நிறுத்தற உத்தரவு வர்ற அன்னிக்கே, அதே தாள்ல, வலையும் நிக்கணும். அன்னியில இருந்து திரும்ப ஓட்டலாம்னு சொல்ற வரைக்கும் பரிசல்காரனுக்கும் மீன்காரனுக்கும் நாள் கூலி. பல வீட்டுல ரெண்டும் ஒரே ஆள்தான், லிஸ்ட் எடுக்கக் கூட பெருசா அலைய வேண்டாம். பெரும்பாலும் மீன் ஏறற நாளும் இந்த நாளும் ஒண்ணாத்தான் விழும். ட்ரவுட் பண்ணை கட்டற செலவுல இதைப் பல வருஷம் ஓட்டலாம்னு என் கணிப்பு.

இதைத் தம்பிகிட்டச் சுருக்கிச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "சரிக்கா, அப்ப நான் ராடை எடுத்துட்டு எப்ப வரட்டும்?"னான்.

ராடை வீட்டுலயே வச்சுட்டு வாப்பா. அஞ்செட்டியில இருந்து இந்தப் பக்கம் காடு பெரும்பாலும் சரணாலயம், காவிரி வடக்கு சரணாலயம் 2014-ல, காவிரி தெற்கு 2022-ல அறிவிச்சாச்சு. அனுமதி இல்லாம தூண்டில் வீசினா நீ கொண்டு வந்த பைக்கும் சேர்ந்து ரேஞ்ச் ஆபீஸ்ல நிக்கும். தை பொறந்து வா, தண்ணி தெளிஞ்சிருக்கும். பரிசல்ல இருந்து குனிஞ்சு பாத்தாலே கெண்டை திரும்பற மினுமினுப்பு தெரியும். அஞ்செட்டி ரோட்டுல பொழுது சாஞ்சு வராத, யானை நிக்கும். பென்னாகரம் வழியா வா.