தலைவரைக் கேட்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டுமா?

"ஊராட்சித் தலைவர் ஜெயித்துவிட்டால் அஞ்சு வருஷம் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, கேஸ் போட லட்சம் வேணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தப்பு.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205 இதற்காகவே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஆட்சியர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப முடியும். யாரும் கொடுக்காவிட்டாலும் அவரே தொடங்கலாம். ஆனால் உறுப்பினர்கள் கைதூக்கியதும் பதவி போய்விடாது. விளக்கம் சரியில்லை என்றால் தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார், அப்புறம் முடிவு ஆட்சியர் கையில். இழுக்கத்தான் செய்யும், பொறுமை வேண்டும்.

லட்சம் கதைக்கு வருவோம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாருக்கும் வருமான வரம்பே கிடையாது. ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும்.

2025 ஜனவரியில் ராமநாதபுரத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர் வந்ததால் பழைய கணக்கும் போச்சு என்பார்கள். போகவில்லை. 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒன்று மட்டும்: கிராம சபையில், தீர்மானம் எழுதாமல் வெறுமையாக இருக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.