சண்டை முடிந்த தேதியும் சட்டம் முடிந்த தேதியும்

2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாட்களில், எங்கள் மன்னார்குடி வாட்ஸ்அப் குழுக்களில் வாயைத் திறந்தவனெல்லாம் தேசத்துரோகி. “இந்த நேரத்திலா அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது?” என்றார்கள். எக்ஸ் தளத்தில் 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. பெரும்பாலான கணக்குகளில் எந்தப் பதிவு குற்றம் என்றுகூடச் சொல்லவில்லையாம். அதைப் பற்றி எங்கள் குழுவில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

எல்லையில் நிற்கிற சிப்பாய் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. டெல்லியில் கையெழுத்துப் போடுகிறவர் மேல்தான். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும்.

1962 சீனப் போர் ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது. அதற்காக அக்டோபர் 26-இல் அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. 1971 போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. அப்போது அறிவித்த நெருக்கடி நிலையை 1977 மார்ச்சில்தான் எடுத்தார்கள். 1975 ஜூன் 25-இல் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலை பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அது ஏற்கெனவே அமலில் இருந்த ஒன்றின் மேல் போட்ட இரண்டாவது அறிவிப்பு. கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், தெருவை அடைத்த பந்தலைப் பிரிக்காமல் வைத்திருந்த கதைதான்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. சீனப் படை வந்ததும் அண்ணா போருக்கு முழு ஆதரவு கொடுத்தார். திராவிட நாடு கோரிக்கையையே கட்சி கைவிட்டது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கலைஞரைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தது எந்தச் சட்டம்? சீனப் போருக்காகக் கொண்டுவந்த அதே இந்தியப் பாதுகாப்புச் சட்டம். 1964 டிசம்பர் கடைசியில் மார்க்சிஸ்ட் தலைவர்களை நாடு முழுக்க அள்ளிக்கொண்டு போனதும் அதே சட்டத்தில்தான். கீழத்தஞ்சையில் கூலி நெல் கூடுதலாகக் கேட்டு நின்றவர்கள் பிடித்தது அந்தச் செங்கொடியைத்தான். சீனாக்காரனுக்கும் கூலி நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கச்சத்தீவுக்கு வருகிறேன். தீவு இலங்கைக்குப் போன 1974-ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். 1976-ஐப் பாருங்கள். ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். சட்டமன்றம் இல்லை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, பேசக்கூடியவர்களில் பலர் மிசாவில், அதாவது விசாரணை இல்லாமல் அடைக்கும் சட்டத்தில், உள்ளே. மார்ச் மாதம், இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இலங்கைக் கடலில் நம் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிந்தது. சட்டமன்றம் இருந்திருந்தால் மட்டும் தடுத்திருக்குமா? சந்தேகம்தான், 1974-இல் மாநிலம் எதிர்த்தும் நடக்கத்தான் செய்தது. ஆனால் நாகப்பட்டினத்து மீனவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயமே அன்றைக்கு யாருக்கும் இல்லை. இன்றைக்கு வரை படகைப் பறிகொடுப்பவன் அவன்தான்.

1978-இல் 44-வது திருத்தம் வந்து கதவை ஓரளவு இறுக்கியது உண்மை. “உள்நாட்டுக் குழப்பம்” என்ற காரணம் போய் “ஆயுதக் கிளர்ச்சி” வந்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் இப்போது நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டிய தேவையே இல்லையே! 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து மக்கள் போராடினார்கள். அவர்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் சிறை.

அது அ.தி.மு.க. ஆட்சி என்று சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் சுவரெழுத்தில் பெயருக்கு முன்னால் மிசா என்று போட்டுக்கொள்ளும் உடன்பிறப்புகள் உண்டு. அவர்கள் கட்சி ஆட்சியில்தான் 2023-இல் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகள் 7 பேர் மேல் அதே குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் கிளம்பியதும் 6 பேர் மேல் போட்டதை எடுத்தார்கள்.

அடுத்த முறை சைரன் ஊதி விளக்கை அணைக்கச் சொன்னால் முதல் ஆளாக அணைப்பேன். கூடவே, அந்த உத்தரவில் முடிவுத் தேதி எங்கே என்றும் கேட்பேன். கமெண்டில் தேசத்துரோகி என்று எழுத வருகிற அண்ணன்மார்களே, தாராளமாக வாருங்கள். 1976 மார்ச்சுக்கு ஒரு பதிலையும் கையோடு கொண்டு வாருங்கள்.