சாமி குத்தம்னு ரிப்போர்ட் எழுத முடியாது

ராக்கெட் விடறதுக்கு முன்னாடி இஸ்ரோ ஆளுங்க குட்டி மாடலை எடுத்துக்கிட்டு திருமலைக்குப் போற போட்டோ வந்தாப் போதும், இங்க ஒரு கூட்டம் "இவங்கல்லாம் சயின்டிஸ்ட்டா"ன்னு கிழிக்குது, இன்னொரு கூட்டம் "சயின்டிஸ்ட்டே கும்புடறாரு, நீ என்ன பெரிய இவனா"ன்னு எகிறுது. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

2019ல சந்திரயான்-2க்கு முன்னாடியும் அப்போ இஸ்ரோ தலைவரா இருந்த கே. சிவன் திருமலைக்குப் போனாரு. 2023 ஜூலைல சந்திரயான்-3 டீமும் போச்சு, அப்போ தலைவரா இருந்த சோமநாத், ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துல இருக்கற சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயில்லயும் கும்பிட்டுட்டு வந்தாரு. முதல் லேண்டர், அதான் நிலாவுல இறங்கற கலம், விழுந்து நொறுங்குச்சு, அடுத்தது ஆகஸ்ட் 23 அலுங்காம இறங்குச்சு. சாமி அதே சாமிதானே? சந்திரயான்-2ல அஞ்சு எஞ்சினும் எதிர்பார்த்ததவிட அதிகமா தள்ளிருச்சு, அதுல வந்த பிழை சேந்துக்கிட்டே போச்சு, இறங்க ஒதுக்குன இடமும் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்னு சோமநாத்தே விளக்கமா சொன்னாரு. அடுத்ததுல எஞ்சின் நாலாச்சு, இடம் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருசாச்சு. சாமி குத்தம்னு அவர் ஒரு வார்த்தை சொல்லல, அவ்ளோ பக்தியுள்ள மனுஷன்.

பிரபஞ்சம் பெருவெடிப்புல தொடங்குச்சுங்கற பிக் பேங் கொள்கைக்கு விதை போட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்க பாதிரியார். 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியலே படைப்புக்கு சாட்சி சொல்லுதுங்கிற மாதிரி பேசினப்ப, சந்தோஷப்பட வேண்டிய லெமேத்ருக்கே அது பிடிக்கல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கங்கறதுதான் அவர் நிலைப்பாடு.

எனக்கு இடிக்கிறது ஒண்ணே ஒண்ணு, இஸ்ரோவோட பிஎஸ்எல்வி ராக்கெட் வரிசையில சி12க்கு அப்புறம் நேரா சி14. 13 எங்க போச்சு? அதுவும் நம்ம ஊர் ராகுகாலம் கூட இல்ல, 13 ராசியில்லாத நம்பர்ங்கற வெள்ளைக்காரன் பயம், அதைப் போய் இறக்குமதி பண்ணி வச்சிருக்கோம்!

எங்க லேப்ல ஒரு டெக்னீஷியன் அண்ணன், ஆயுத பூஜைன்னா, டியூபை வச்சு வேகமா சுத்தற சென்ட்ரிஃப்யூஜ் மெஷினுக்கு சந்தனம் குங்குமம் வச்சு பூ சாத்தி எல்லாருக்கும் பொரிகடலை குடுத்துட்டுதான் வீட்டுக்குப் போவாரு. மறுநாள் வந்து எதிரெதிர் டியூப் ரெண்டையும் தராசுல போட்டு எடை சரியா இருந்தாத்தான் மூடியை மூட விடுவாரு. போன வருஷம் நான் அவசரத்துல எடை பாக்காம வச்சு ஓட விட்டுட்டேன், மெஷின் டேபிளோட சேந்து தடதடன்னு ஆடுது, பொட்டு பாட்டுக்கு பளிச்சுன்னு இருக்கு. ஓடி வந்து ஆஃப் பண்ணிட்டு "முருகா"ன்னாரு. அடுத்த அஞ்சு நிமிஷம் எனக்கு விழுந்தது இங்க எழுதற மாதிரி இல்ல.